நான்கு மணி

வால்பராய்சோவில், எங்கள் குன்றில் ஏற
இரண்டு மரப்பெட்டிகள் உண்டு.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
இரண்டுக்கும் ஒரே கம்பிவடம்.
கீழே சீட்டுக் கிழிப்பவன் நான், எலிசேயோ.
மேலே இயந்திர அறையில் யாஸ்னா.
பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தும்
அவள் முகத்தைவிட அவள் அடிக்கும் மணிதான்
எனக்கு நன்றாகப் பழக்கம்.

ஒன்று: தயார்.
இரண்டு: இழுக்கிறேன்.
மூன்று: நிறுத்து.
விதிப்புத்தகத்தில் நான்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை. மழை.
பெட்டியில் ஆறு பேர், ஒரு நாய், ஒரு காஸ் சிலிண்டர்.
(சிலிண்டர் ஏற்றக்கூடாதுதான்.
தொன் ஒராசியோவின் லாரி
அந்தப் படிக்கட்டுத் தெருவில் ஏறாதே.)
நான் ஒன்று அடித்தேன்.
மேலிருந்து வந்தது
நான்கு.

தொலைபேசியை எடுத்தேன்.
"கை தவறிவிட்டது" என்றாள்.
சரி என்று வைத்திருக்கலாம்.
கை தவறினால் இரண்டு மூன்றாகும்.
நான்காவதை எண்ணித்தான் அடிக்க வேண்டும்.
"பெட்டி நிற்கட்டும் யாஸ்னா" என்றேன்.

மோட்டார் முனகுவது கேட்டது.
பிறகு சொன்னாள், கடையில் பாக்கி ஒப்பிப்பதுபோல:
அம்மாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்,
ஆறரைக்குக் கொண்டுபோய் விட வேண்டும்,
எட்டுக்கு இங்கே,
மகன் பள்ளியிலிருந்து இரண்டாவது கடிதம்,
வியாழன் இரவு கணக்கியல் தேர்வு.
புத்தகத்தை எண்ணெய் டின் மேல் விரித்துவைத்து
ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே
ஒரு பத்தி படிக்கிறாளாம்.
பெட்டி கிளம்பி வந்து சேர்வதற்குள்
முதல் வரி மறந்துபோகிறதாம்.
"நேரம் எங்கேயோ ஒழுகுகிறது, எலிசேயோ.
வாளியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை."

அட்டவணை போடு, அதிகாலையில் எழு என்று
என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
நாலரைக்கு எழுபவளிடம்.
விழுங்கினேன்.
நான் செய்த சொற்பப் புத்திசாலித்தனங்களில்
அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இதில் எதற்கெல்லாம் உன் கையேதான் வேண்டும்?"
என்று மட்டும் கேட்டேன்.
வெகுநேரம் யோசித்தாள்.
பெட்டிக்குள் நாய் குரைத்தது.
"தேர்வுக்கு" என்றாள்.
"அப்புறம், பையனுக்கு."
அம்மா என்று சொல்லவில்லை.
சொல்லாததற்காக அழுதாள்.

தொன் ஒராசியோ சன்னலில் தலையை நீட்டினார்.
"என்னப்பா கோளாறு?"
நான் ஒலிவாங்கியைக் கையால் பொத்தாமல் கேட்டேன்,
"யாஸ்னா, இவரிடம் சொல்லட்டுமா?"
பதில் இல்லை.
மழை தகரத்தில் விழுந்தது.
யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார்.
பிறகு மேலிருந்து
ஒரே ஒரு மணி.

சொன்னேன்.
அவர் தாடையைச் சொறிந்தார்.
"செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு
அந்த மருத்துவமனைத் தெருவில்தான் சிலிண்டர் போடுகிறேன்.
முன்சீட்டு காலி.
ரேடியோவைக் குறைக்கமாட்டேன், அதைச் சொல்லிவிடு.
சனிக்கிழமை என்னால் ஆகாது."

சனிக்கிழமை இன்னும் யாருக்கும் ஆகவில்லை.
அன்று அவள் அரைமணி தாமதமாக வருகிறாள்,
நான் கீழே பூட்டிவிட்டு மேலே ஓடி
முதல் நாலைந்து இழுப்பு இழுக்கிறேன்,
மேலாளர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.
தேர்வில் எவ்வளவு வாங்கினாள் என்று கேட்கவில்லை.
எண்ணெய் டின் மேல் இப்போது
வேறு புத்தகம், இன்னும் தடிமனாக.

விதிப்புத்தகத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்தேன்,
நான்கு: பேச வேண்டும்.
அவளுக்காக எழுதியதென்றுதான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை மருத்துவர் கொடுத்த தாள்
என் சட்டைப் பையில் இருந்தது.
பெட்டியில் ஆள் யாரும் இல்லை.
விரல் மூன்று முறை அழுத்தி
அங்கேயே நின்றது.
மூன்றோடு விட்டிருந்தால்
வெறும் நிறுத்தமாகப் போயிருக்கும்.

தொலைபேசி உடனே அடித்தது.